சாய்தளத்தில் நிலை ஆற்றல்: மெனோரா இறக்கத்தில் ஒரு லாரியும் ஒரு கணக்கும்

கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வந்திருப்பீர்கள். மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டியதும் சாலை ஜெலப்பாங் பக்கம் இறங்கத் தொடங்கும். காரில் போகிறவர்களுக்கு அது அழகான இடம், இருபுறமும் காடு. பாரம் ஏற்றிய லாரி ஓட்டுநருக்கோ அது கையும் காலும் விழிப்பாக இருக்க வேண்டிய இடம். முன்பு அந்த இறக்கத்தின் அடியில்தான் ஜெலப்பாங் டோல் சாவடி இருந்தது. பிரேக் பிடிக்காமல் போன கனரக வாகனங்கள் டோலில் வரிசையாக நிற்கும் கார்கள் மீது மோதிய விபத்துகள் அங்கே பல முறை நடந்தன. கடைசியில் 2009-இல் அந்தச் சாவடி அங்கிருந்து அகற்றப்பட்டது.

மலைச்சாலையின் அடியில் வாகனங்கள் நின்று பணம் கட்டும் இடத்தை ஏன் வைக்கக் கூடாது? இதற்கு விடை நான்காம் படிவ இயற்பியலுக்குள்ளேயே இருக்கிறது. மூன்றாம் படிவ அறிவியலில் ஆற்றலும் திறனும் படித்திருந்தாலே பாதி விடை தெரிந்துவிடும். அந்தக் கணக்கை இங்கே முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். சாய்தளம் என்றதும் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் வழியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் சொல்லைப் பற்றி இரண்டு வரி. தமிழாசிரியர் இதைத் தொடாமல் போனால் எப்படி! தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் ‘சக்தி’ என்று படித்துவிட்டு வருவார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நிலை ஆற்றல்’. இலங்கை நூல்களில் ‘அழுத்த சக்தி’. நம் இடைநிலைப்பள்ளித் தேர்வுத்தாளில் ‘தெனாகா கெஉபாயாஆன் கிராவித்தி’. இணையத்தில் தமிழில் தேடும் மாணவர் இவை வெவ்வேறு பொருள்கள் என்று நினைத்துவிடக் கூடாது, எல்லாம் ஒன்றுதான். நான் இங்கே ‘நிலை ஆற்றல்’ என்பதையே பயன்படுத்துகிறேன். காரணம் உண்டு. ‘நிலை’ என்றால் இருக்கும் இடம். ஒரு பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் இந்த ஆற்றலைத் தீர்மானிக்கிறது. எந்த வழியாக அங்கே வந்தது என்பது தீர்மானிப்பதில்லை. ஆங்கிலத்தில் இந்தக் கருத்துக்கு இன்றுள்ள பெயரை 1853-இல் வைத்தவர் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின். அவர் வைத்த பெயரைவிட நம் பெயர் விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம்.

சரிவின் நீளம் அல்ல, உயரம்

சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். ‘எம் ஜி எச்’ என்று மந்திரம் மாதிரி சொல்வார்கள்.

நிலை ஆற்றல் மாற்றம் = நிறை × ஈர்ப்பு முடுக்கம் × செங்குத்து உயர மாற்றம்

நிறை கிலோகிராமில் இருக்க வேண்டும். ஈர்ப்பு முடுக்கத்துக்குத் தேர்வுத்தாளில் என்ன மதிப்பு கொடுத்திருக்கிறார்களோ அதையே போடுங்கள். கீழ்ப்படிவங்களில் 10 என்று எடுத்துப் பழகியிருப்பீர்கள், இங்கே நான் 9.81 எடுத்துக்கொள்கிறேன். உயரம் மீட்டரில். விடை ஜூலில் வரும்.

சிக்கல் அந்த மூன்றாவது எழுத்தில்தான். சாய்தளப் படம் ஒன்றைக் கொடுத்தால் கண்ணுக்கு முதலில் தெரிவது சரிவின் நீளம். பொருள் அதன் மேல்தான் நகர்கிறது, அம்புக்குறியும் அதன் மேல்தான் போட்டிருக்கிறார்கள். எனவே கை தானாகவே அந்த நீளத்தை எடுத்து உயரத்தின் இடத்தில் போட்டுவிடும். “டீச்சர், அது அவ்வளவு தூரம் நகர்ந்துச்சுதானே?” என்று கேட்பார்கள். நகர்ந்தது உண்மை. ஆனால் புவி ஈர்ப்பு இழுப்பது நேராகக் கீழ்நோக்கி. அந்தத் திசையில் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. பக்கவாட்டில் நீங்கள் எவ்வளவு நகர்ந்தாலும் ஈர்ப்பு அதைக் கண்டுகொள்வதில்லை.

இது ஏன் இப்படி என்று ஒரு மாணவர் விடாமல் கேட்டால், ஸ்டெவின் கதையைச் சொல்லுங்கள். சைமன் ஸ்டெவின் 1586-இல் வெளியிட்ட நூலில் ஒரு படம் வரைந்தார். ஒரு முக்கோணக் கட்டை. அதன் ஒரு பக்கச் சரிவு மற்றதைப் போல இரண்டு மடங்கு நீளம், உச்சியோ இரண்டுக்கும் ஒன்றே. அந்தக் கட்டையைச் சுற்றி, சம இடைவெளியில் குண்டுகள் கோத்த ஒரு மாலையைப் போடுகிறார். நீண்ட சரிவில் நான்கு குண்டு, குட்டைச் சரிவில் இரண்டு, மீதி எட்டும் அடியில் தொங்குகின்றன. மாலை ஒரு பக்கமாக வழுக்கத் தொடங்குகிறது என்று வையுங்கள். ஒரு குண்டு நகர்ந்த இடத்துக்கு இன்னொரு குண்டு வந்துவிடும், படம் பழையபடியே இருக்கும். அப்படியானால் அது நிற்காமல் என்றைக்கும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது நடக்காது. ஆகவே மாலை அசையாது. அடியில் தொங்கும் எட்டும் இரு பக்கமும் ஒரே அளவில் இழுப்பதால் அவற்றை வெட்டி எடுத்துவிடலாம். மிச்சம் என்ன? நீண்ட சரிவில் இருக்கும் நான்கு குண்டை, குட்டைச் சரிவில் இருக்கும் இரண்டு குண்டு பிடித்து நிறுத்துகிறது. நீளம் இரு மடங்கானால் சரிவு வழியாக இழுக்கும் விசை பாதி ஆகிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் இரு சரிவிலும் ஒரே விடைதான். ஒரு சமன்பாடு கூட எழுதாமல் இதைக் காட்டிவிட்டார் மனிதர். கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடலாம், பிள்ளைகளும் மறக்க மாட்டார்கள்.

உயரம் நேரடியாகக் கொடுக்கப்படாவிட்டால்

சரிவின் நீளமும் கிடைத்தளத்தோடு அது ஆக்கும் கோணமும் கொடுத்திருந்தால்:

செங்குத்து உயரம் = சரிவின் நீளம் × சைன் கோணம்

சைனா கோசைனா என்று குழம்பினால் மனப்பாடத்தை நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள். கோணம் பூஜ்யம் என்றால் தரை சமதளம், உயரம் பூஜ்யமாக வேண்டும். சைன் 0° பூஜ்யம். கோசைன் 0° ஒன்று. அப்படின்னா எது சரி என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: சில கேள்விகளில் கோணத்தைச் செங்குத்துச் சுவரிலிருந்து அளந்து கொடுத்திருப்பார்கள். படத்தில் கோணம் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே கால்குலேட்டரைத் தொட வேண்டும்.

சாலையோரத்தில் சரிவைச் சதவீதத்தில் குறிப்பார்கள். 10% என்றால் கிடையாக 100 மீட்டர் போனால் 10 மீட்டர் ஏற்றம் அல்லது இறக்கம். அது 10 பாகை அல்ல, ஏறக்குறைய 5.7 பாகைதான். கிடைத்தூரத்தை வைத்துச் சொல்வதால் சதவீதம் உண்மையில் டான் மதிப்பு. ஆனால் சாலைச் சரிவுகள் அவ்வளவு சிறியவை என்பதால், சாலை வழித் தூரத்தையே அந்தச் சதவீதத்தால் பெருக்கினாலும் விடையில் பெரிய மாற்றம் வராது.

லாரிக் கணக்கு

இனி அந்த இறக்கத்துக்கு வருவோம். எண்களைக் கணக்குக்கு வசதியாக நானே வைத்துக்கொள்கிறேன், மெனோராவின் அளவீடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரத்தோடு 40 டன் லாரி, அதாவது 40,000 கிலோகிராம். சரிவு 5%. சாலை நீளம் 4 கிலோமீட்டர். எனவே செங்குத்து இறக்கம் ஏறக்குறைய 200 மீட்டர்.

நிலை ஆற்றல் மாற்றம் = 40,000 × 9.81 × (−200) = −78,480,000 ஜூல்

குறைக் குறி ஏன்? மாற்றம் என்றால் எப்போதும் கடைசி மதிப்பிலிருந்து முதல் மதிப்பைக் கழிப்பது. இறங்கினால் குறை, ஏறினால் மிகை. கேள்வி ‘இழந்த நிலை ஆற்றல்’ என்று கேட்டால் 78.48 மெகாஜூல் என்று எழுதினால் போதும், ‘இழந்த’ என்ற சொல்லே குறைக் குறியைச் சொல்லிவிடுகிறது. இரண்டையும் சேர்த்து ‘−78.48 மெகாஜூல் இழந்தது’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதா, டோல் இருந்த இடத்திலிருந்து அளப்பதா என்றும் சிலர் கேட்பார்கள். எங்கிருந்து அளந்தாலும் வித்தியாசம் அதே 200 மீட்டர்தான். ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு கணக்கு முடியும்வரை அதை மாற்றாமல் இருந்தால் சரி.

இப்போது முக்கியமான கேள்வி. லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் என்ற மாறாத வேகத்தில் இறங்குகிறது. இழந்த நிலை ஆற்றல் எங்கே போனது?

வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் “இயக்க ஆற்றலா மாறிடுச்சு” என்பார்கள். பாடநூலில் கீழே விழும் பந்துக்கு அப்படித்தானே படித்தோம்! ஆனால் வேகம் மாறவில்லை என்றால் இயக்க ஆற்றலும் மாறவில்லை. 78.48 மெகாஜூலில் ஒரு ஜூல் கூட இயக்க ஆற்றலாகச் சேரவில்லை. முழுவதும் வெப்பமாகியிருக்க வேண்டும்: டயரிலும் காற்றிலும் கொஞ்சம், எஞ்சினில் கொஞ்சம், மீதி அத்தனையும் பிரேக்கில். ‘மாறாத வேகம்’ என்ற இரண்டு சொற்களுக்காகவே தேர்வில் மதிப்பெண் இருக்கிறது. கேள்வியை வாசிக்கும்போது அவற்றின் கீழே கோடு போடச் சொல்லுங்கள்.

இந்த எண் எவ்வளவு பெரியது என்று உணர வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.67 மீட்டர். அந்த வேகத்தில் லாரியின் இயக்க ஆற்றல், ½ × 40,000 × 16.67², ஏறக்குறைய 5.6 மெகாஜூல். அதாவது சமதளத்தில் இதே லாரியை ஒரு முறை முழுதாக நிறுத்துவதற்கு பிரேக் வாங்க வேண்டியது 5.6. மலை இறங்கும்போது வாங்க வேண்டியது 78.48, பதினான்கு மடங்கு. ஊருக்குள் எந்தக் குறையும் காட்டாத பிரேக் மலையில் கைவிடுவது இதனால்தான். ‘நேத்துகூட நல்லாத்தான் இருந்துச்சு’ என்று ஓட்டுநர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

நேரத்தையும் சேர்ப்போம். 4 கிலோமீட்டரை இந்த வேகத்தில் கடக்க 240 வினாடி ஆகும். 78.48 மெகாஜூலை 240-ஆல் வகுத்தால் 327 கிலோவாட். வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டி 2 கிலோவாட் என்று வைத்தால், 160-க்கும் மேற்பட்ட கெண்டிகள் நான்கு நிமிடம் ஓயாமல் கொதிப்பதற்குச் சமம். அவ்வளவு வெப்பமும் சக்கரங்களுக்குள் இருக்கும் இரும்பில் இறங்குகிறது. பிரேக் டிரம் எல்லாம் சேர்த்து 500 கிலோகிராம் இரும்பு, அதன் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு 460 ஜூல் என்று எடுத்து, வெப்பம் எதுவும் வெளியே போகவில்லை எனக் கொண்டால்:

வெப்பநிலை உயர்வு = 78,480,000 ÷ (500 × 460) ≈ 341 பாகை செல்சியஸ்

உண்மையில் ஒரு பகுதி காற்றில் போய்விடும், எல்லா டிரம்மும் சமமாகச் சூடாகவும் செய்யாது. சிலது இன்னும் அதிகமாகச் சூடாகும். அளவுக்கு மீறிச் சூடேறினால் பிரேக் கட்டையின் உராய்வு குறைகிறது, டிரம் விரிந்து கட்டையை விட்டு விலகுகிறது. பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு இருக்காது. நெடுஞ்சாலையில் சில நேரம் மூக்கைத் துளைக்கும் கருகிய வாடை இதுதான்.

பிடிப்பே இல்லாமல் போய், இறக்கம் முழுவதும் லாரி தன்னிச்சையாக உருண்டால்? காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டு ஆற்றல் அழியாமை விதியைப் போடுங்கள். தொடக்க வேகம் வினாடிக்கு 16.67 மீட்டர். இறுதி வேகத்தின் வர்க்கம் = 16.67² + 2 × 9.81 × 200 ≈ 4,202. வேகம் வினாடிக்கு 64.8 மீட்டர், அதாவது மணிக்கு 233 கிலோமீட்டர். நிறை வெட்டுப்பட்டுப் போனதைக் கவனித்தீர்களா? காற்றும் டயரும் தடுப்பதால் நிஜத்தில் இவ்வளவு வராது. ஆனால் டோல் வரிசையில் நிற்கும் காருக்குப் பாதி வேகமே போதும்.

சரிவு எதை மாற்றுகிறது?

இதுவரை ‘சரிவு முக்கியமில்லை, உயரம்தான் முக்கியம்’ என்றே சொல்லி வந்தேன். அதைக் கேட்டுவிட்டு, செங்குத்தான சாலையும் சாய்வான சாலையும் ஒன்றுதான் என்று மாணவர் முடிவு கட்டிவிடக் கூடாது. அதே 200 மீட்டரை 10% சரிவில் இறக்கினால் சாலை 2 கிலோமீட்டர்தான். இழக்கும் ஆற்றல் அதே 78.48 மெகாஜூல். ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் 120 வினாடியில் முடிந்துவிடும். திறன் 654 கிலோவாட், இரண்டு மடங்கு. பிரேக் ஆறுவதற்குக் கிடைக்கும் நேரம் பாதி. ஆக, சரிவு ஆற்றல் மாற்றத்தைத் தொடுவதில்லை, ஆனால் விசையையும் நேரத்தையும் மாற்றிவிடுகிறது. மலைச்சாலைகளைப் பாம்பு மாதிரி வளைத்து நெளித்துப் போடுவது இதற்காகத்தான். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பழைய சாலையில் போனவர்களுக்கு வயிற்றைப் புரட்டியிருக்கும். அந்த வளைவுகள்தான் உயரத்தை நீளமாகப் பிரித்துக் கொடுக்கின்றன.

அதே 5% சரிவில் வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்தால் 480 வினாடி, 163.5 கிலோவாட். இறக்கத்தின் தலையிலேயே கியரைக் குறைக்கச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். குறைந்த கியரில் எஞ்சின் சுழற்சியே லாரியைப் பின்னுக்கு இழுக்கிறது, வெப்பத்தில் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்கிறது, பிரேக்குக்குச் சுமை குறைகிறது. பாதி வழியில் பிரேக் சூடேறிய பிறகு கியரைக் குறைக்கலாம் என்று நினைத்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

சில மலை நெடுஞ்சாலைகளில் பிரேக் இழந்த வாகனத்துக்கென்று பக்கத்தில் மேல்நோக்கிய சரளைக்கல் பாதை விட்டிருப்பார்கள். அதற்கும் நம் சூத்திரம் பொருந்தும். மணிக்கு 120 கிலோமீட்டரில் (வினாடிக்கு 33.3 மீட்டர்) வரும் லாரியை வெறும் உயரத்தால் மட்டும் நிறுத்த வேண்டுமானால் 33.3² ÷ (2 × 9.81), அதாவது 56 மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும். பதினைந்து மாடிக் கட்டடத்துக்கு மேலே! அவ்வளவு மண் மேடு எங்கே கட்டுவது? அதனால்தான் சரளை. சக்கரம் அதில் புதைந்து, உராய்வு பெரும்பங்கு ஆற்றலை விழுங்கிவிடும். ஏற்றம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

தோட்டத்துக் கணக்குகள்

பேராக்கில் நம் மாணவர்கள் பலருக்குத் தாத்தா பாட்டி வீட்டுக் கதை ஒன்று இருக்கும். சுங்கை சிப்புட், பத்து காஜா, கோப்பெங், பீடோர் பக்கத்துக் கித்தா தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவோ வீடமைப்பாகவோ மாறிவிட்டன. ஆனால் தோளில் காண்டாக் கம்பு, இரு பக்கமும் பால் வாளி என்று மேட்டில் ஏறியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை வைத்தே ஒரு கணக்கு.

ஒரு வாளிப் பால் 15 கிலோகிராம், இரண்டும் சேர்த்து 30. பள்ளத்திலிருந்து பால் ஸ்டோர் இருக்கும் மேடு 25 மீட்டர் உயரம். பால் பெற்ற நிலை ஆற்றல் 30 × 9.81 × 25 = 7,357.5 ஜூல். சுமந்தவர் 50 கிலோகிராம் என்றால் அவர் உடம்பும் ஏறியிருக்கிறது: மொத்தம் 80 × 9.81 × 25 = 19,620 ஜூல். கேள்வி பாலுக்கு மட்டுமா, சுமந்தவரையும் சேர்த்தா என்று பார்த்துவிட்டுத்தான் நிறையைப் போட வேண்டும். நேர்ப்பாதையில் மூச்சு வாங்க ஏறினாலும், சுற்றுப்பாதையில் மெல்ல ஏறினாலும் இந்த எண் மாறாது.

இந்தக் கணக்கைப் போட்டதும் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: “அப்போ சமதளத்துல வாளியைத் தூக்கிட்டு ஒரு மைல் நடந்தா வேலை பூஜ்யமா டீச்சர்? பாட்டிக்குத் தோள்ல காய்ப்புக் காய்ச்சிருக்கே?” நல்ல கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். ஈர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை பூஜ்யம், பாலின் நிலை ஆற்றலும் மாறவில்லை. ஆனால் சுமையைப் பிடித்துக்கொண்டிருக்கவே தசைநார்கள் ஓயாமல் சுருங்கி விரிய வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் உடம்பு சற்றே ஏறி இறங்க வேண்டும். அதற்கெல்லாம் உடல் உணவு ஆற்றலைச் செலவழித்து வெப்பமாக வெளியே விடுகிறது. பாட்டியின் உழைப்பை அளக்க இந்தச் சூத்திரம் பிறக்கவில்லை, பாலின் உயரத்தை அளக்கத்தான் பிறந்தது. இயற்பியலில் ‘வேலை’ என்ற சொல் அன்றாடப் பேச்சில் வரும் ‘வேலை’ அல்ல என்பதை விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இன்னொன்று உராய்வுக் கணக்கு. 60 கிலோகிராம் கட்டிப்பால் மூட்டை. லாரித் தளம் தரையிலிருந்து 1.2 மீட்டர். 3 மீட்டர் பலகையைச் சாய்த்து மூட்டையை மாறாத வேகத்தில் தள்ளி ஏற்றுகிறார்கள். நிலை ஆற்றல் உயர்வு 60 × 9.81 × 1.2 = 706.3 ஜூல். உராய்வே இல்லையென்றால் தேவையான விசை 706.3 ÷ 3 = 235.4 நியூட்டன். நேராகத் தூக்கியிருந்தால் 588.6 நியூட்டன் வேண்டும். பலகையின் பயன் இது. இப்போது உராய்வு 150 நியூட்டன் என்று சேருங்கள். தள்ளும் விசை 385.4 நியூட்டன், செய்த வேலை 3-ஆல் பெருக்க 1,156.3 ஜூல். இதில் 450 ஜூல் வெப்பமாகப் போய்விட்டது. நிலை ஆற்றல் உயர்வோ அதே 706.3.

இங்கேதான் பலர் வேலையையும் நிலை ஆற்றலையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். செய்த வேலைக்குச் சரிவின் நீளம் வேண்டும், ஏனென்றால் விசை சரிவு வழியாகச் செயல்படுகிறது. நிலை ஆற்றலுக்குச் செங்குத்து உயரம் வேண்டும். ஒரே கேள்வியில் இரண்டு நீளமும் வரும், இரண்டுக்கும் வெவ்வேறு வேலை. பலகையை 6 மீட்டராக்கினால்? உராய்வை அதே 150 என்று வைத்தால் (உண்மையில் கொஞ்சம் கூடவே இருக்கும்) தள்ளும் விசை 267.7 நியூட்டனாகக் குறையும், மொத்த வேலை 1,606 ஜூலாகக் கூடும். கைக்குச் சுலபம், ஆற்றலுக்கு நட்டம்.

பினாங்குக் கொடிமலை ரயிலையும் ஒரு வரியில் தொட்டுவிடுகிறேன். 1923 முதல் ஓடுகிறது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தண்டவாளத்தில் ஏறக்குறைய 700 மீட்டர் உயரம் ஏறுகிறது. இரண்டு பெட்டிகள் ஒரே கம்பிவடத்தில் கட்டப்பட்டு, ஒன்று ஏற மற்றது இறங்கும். இறங்கும் பெட்டி இழக்கும் நிலை ஆற்றல் ஏறும் பெட்டிக்குப் போகிறது. பெட்டிகளின் நிறை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் மோட்டார் தூக்க வேண்டியது பயணிகளின் வித்தியாசத்தை மட்டும், கூடவே உராய்வை. ஏறுவது 100 பேர், இறங்குவது 40 பேர், ஆளுக்கு 60 கிலோகிராம் என்றால்: 3,600 × 9.81 × 700 ≈ 24.7 மெகாஜூல், அதாவது 7 கிலோவாட்-மணிக்குக் கொஞ்சம் குறைவு. மின்கட்டண ரசீதில் இது எவ்வளவு ரிங்கிட் என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு

புத்தகங்களை அடுக்கி இரண்டு வெவ்வேறு நீளப் பலகைகளை ஒரே உயரத்தில் சாய்த்து, கோலிக்குண்டை உருட்டிக் காட்டுவது எளிதான சோதனை. இரண்டிலும் அடியில் வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆனால் அளந்த வேகம் சூத்திர விடையைவிடக் குறைவாக வரும். 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு வழுக்கும் பொருளுக்கான விடை வினாடிக்கு 1.98 மீட்டர். உருளும் கோலிக்கு ஏறக்குறைய 1.67 மீட்டர்தான். உராய்வு என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு கோலியின் சுழற்சிக்குப் போய்விடுகிறது. கேட்கும் மாணவருக்கு இதைச் சொல்லலாம், எஸ்பிஎம் தாளுக்கு இது தேவையில்லை.

பயிற்சிக்கு

1. 1,200 கிலோகிராம் கார், 8% ஏற்றத்தில் 500 மீட்டர் சாலையில் ஏறுகிறது. நிலை ஆற்றல் மாற்றம் என்ன?

2. 25 கிலோகிராம் செம்பனைக் குலை ஒன்று, 30° சரிவில் நிலையிலிருந்து புறப்பட்டு 12 மீட்டர் வழுக்கி இறங்குகிறது. உராய்வு விசை 60 நியூட்டன். அடியில் அதன் வேகம் என்ன?

3. ஒரு லாரி ஜெலப்பாங்கிலிருந்து மெனோராவுக்கு ஏறி, அதே பாரத்தோடு திரும்ப அதே இடத்துக்கு வருகிறது. நிலை ஆற்றலின் மொத்த மாற்றம் என்ன? எரிந்த டீசலின் ஆற்றல் எங்கே?

விடைகள்: முதல் கணக்கில் உயரம் ஏறக்குறைய 40 மீட்டர், விடை +471 கிலோஜூல். இரண்டாவதில் உயரம் 6 மீட்டர், இழந்த நிலை ஆற்றல் 1,471.5 ஜூல், உராய்வுக்குப் போனது 60 × 12 = 720 ஜூல், மீதி 751.5 ஜூல் இயக்க ஆற்றல், வேகம் வினாடிக்கு 7.75 மீட்டர். மூன்றாவதில் மாற்றம் பூஜ்யம். டீசலின் ஆற்றல் எஞ்சின், புகைக்குழாய், டயர், காற்று, பிரேக் டிரம் எல்லாவற்றிலும் வெப்பமாகப் பரவிவிட்டது. இதற்கு ‘ஆற்றல் அழிந்துவிட்டது’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.